தமிழ் வாய், தெலுங்கு எழுத்து, ஜப்பான் மொழி

ஜப்பானிய மொழிக்கு மூன்று எழுத்து முறை என்றதுமே பாதிப் பேர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். ஹிரகானா, கதகானா இரண்டும் ஒலியை எழுத; கான்ஜி சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்து. மூன்றும் ஒரே வரியில் கலந்து வரும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் பயந்துகொள்ளட்டும். தமிழ்நாடு-ஆந்திரா எல்லையில் இருக்கும் சத்தியவேடு, ஊத்துக்கோட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கத்து ஆட்கள் இதற்குப் பயப்படக் கூடாது என்பது என் கட்சி. வீட்டுப் பேச்சு தமிழ், பஸ் போர்டு தெலுங்கு, கம்பெனி அடையாள அட்டை இங்கிலீஷ், கல்யாணப் பத்திரிகை மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு எழுத்தில், பெண் வீட்டுக்கு இன்னொரு எழுத்தில். பல எழுத்துக்கு நடுவே காலம் தள்ளுவது நமக்குப் பழகிப்போனது.

நான் சத்தியவேட்டுப் பெண். 1960-இல் மாநில எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, எங்கள் ஊர் ஆந்திராவுக்குப் போனது. அதனால் நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்தை அம்மாதான் தினத்தந்தித் தலைப்புகளைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். இப்போது வாக்கப்பட்டிருப்பது ஊத்துக்கோட்டையில். வேலை பக்கத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில், கார் பாகங்கள் செய்யும் ஒரு ஜப்பானியக் கம்பெனியில், தரம் பார்க்கும் க்யூசி பிரிவு. டிராயிங்கின் ஓரத்தில் இருக்கும் ஜப்பானியக் குறிப்புக்கு விளக்கம் கேட்டு மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பது அலுத்துப்போய்த்தான் படிக்க ஆரம்பித்தேன். சென்னையில் வகுப்புகள் உண்டு. ஆனால் இந்த வாரம் ஏ ஷிஃப்ட், அடுத்த வாரம் சி ஷிஃப்ட் என்று ஓடுகிறவளுக்கு அது ஒத்துவராது. கம்பெனி பஸ்தான் வகுப்பறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிற யாருக்கும் ஜப்பானியம் முழுக்கப் புதிதில்லை. கைசென் (மேம்படுத்துதல்), கெம்பா (வேலை நடக்கும் இடம்), முதா (வீண்), போக்கா யோக்கே (தவறு நேராமல் தடுப்பது) என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்கிறோம். வேலையிட ஒழுங்கைச் சொல்லிச் சுவரில் தொங்கும் ஃபைவ் எஸ் அட்டையில் இருப்பவை ஐந்தும் ஜப்பானியச் சொற்கள்: செய்ரி, செய்தொன், செய்ஸோ, செய்கெத்சு, ஷித்சுகெ.

முதலில் ஹிரகானா. அடிப்படை எழுத்து 46. அந்த அட்டவணையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உயிர் வரிசை அ, இ, உ, எ, ஒ. நெடிலை எடுத்துவிட்டால் நம் வரிசையேதான். அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் மெய்யெழுத்து வரிசையில் நடுநடுவே இருக்கும் சிலதை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ஹ நிற்கும் இடத்தில் பழைய ஜப்பானியத்தில் ப ஒலி இருந்ததாக மொழியியலார் சொல்கிறார்கள். அதையும் வைத்துப் பார்த்தால் இன்னும் நெருங்கி வரும். இது தற்செயலாக அமைந்ததல்ல. சித்தம் என்ற இந்திய எழுத்தில் சமஸ்கிருதம் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக இந்த ஒலி வரிசை அங்கே போய்ச் சேர்ந்தது. அகராதிகளும் இதே வரிசையில்தான். இங்கிலீஷ்காரர் மனப்பாடம் செய்து தவிக்கிற அட்டவணை நமக்கு ஒரு சாயங்காலத்து வேலை.

ஒலியை எந்த எழுத்தில் குறித்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தால் கண் அதை விட்டு நகரவே நகராது. தமிழில் எழுதினால் வேறு ஒரு வம்பு. கின் என்றால் தங்கம், கின் என்றால் வெள்ளி. தமிழில் எழுதினால் இப்படித்தான் நிற்கும். முதலாவதில் ‘கல்’லில் வரும் அழுத்தமான க, இரண்டாவதில் ‘தங்கம்’ என்னும்போது வரும் மெலிந்த க. சொல்லின் நடுவில் இன்னும் மோசம். ககி என்பதில் இரண்டு ககரத்தையும் அழுத்திச் சொன்னால் கடல் சிப்பி, பின்னதை மட்டும் மெலிவாகச் சொன்னால் சாவி. நம் நாக்கு ‘அகம்’, ‘படகு’ என்று சொல்லிப் பழகியது. நடுவில் ஒற்றையாக ஒரு க வந்தால் தானாக மெலித்துவிடும், அழுத்த வேண்டுமானால் ‘பக்கம்’ என்று இரட்டித்துவிடும். ஜப்பானியத்தில் மெலிந்த ஒற்றை, அழுத்தமான ஒற்றை, அழுத்தமான இரட்டை என்று மூன்றும் தனித்தனி. நடுவில் இருக்கும் அழுத்தமான ஒற்றைதான் தமிழ் வாய்க்கு வராதது. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள்; மெலிந்த ஒலிக்குத் தொண்டை அதிரும், அழுத்தமானதற்கு அதிராது. இதை மட்டும் தனியாக உட்கார்ந்து பழக வேண்டும்.

இங்கேதான் பள்ளியில் படித்த தெலுங்கு கை கொடுத்தது. தெலுங்கில் ‘கன்னு’ எழுதும் க வேறு, வளையலுக்கான ‘காஜு’ எழுதும் க வேறு. ஆகவே ஜப்பானிய ஒலிகளைத் தெலுங்கு எழுத்தில் குறித்துக்கொண்டேன். தங்கமும் வெள்ளியும் பிரிந்துவிட்டன. இந்தியிலும் இந்த வேற்றுமை உண்டு, ஆனால் அங்கே குறில் எ, ஒ-வுக்குத் தனி எழுத்தில்லை. ஜப்பானியத்துக்கு அவை இரண்டும் கட்டாயம் வேண்டும். தெலுங்கில் எல்லாமே இருக்கிறது. த்சு என்ற ஒலிக்கு யூடியூப்பில் பத்து நிமிடம் விளக்கம் தருகிறார்கள். நம் பக்கத்துத் தெலுங்குக்காரர் ‘சாலா’ என்னும்போதும் ‘சுக்க’ என்னும்போதும் முதல் எழுத்தை எப்படித் தொடங்குகிறார் என்று காது கொடுத்துக் கேட்டாலே போதும். ‘ஜட’ என்று சடையைச் சொல்லும்போது வருவது ஜப்பானிய ஸ-வின் மெலிந்த வடிவத்துக்குக் கிட்டத்தட்ட அதே ஒலி. ஹிரகானா கண்ணில் பதியும்வரைதான் தெலுங்கும். பதிந்த பிறகு அதையும் விட்டுவிடுங்கள்.

மெலிந்த ஒலியைக் காட்ட ஜப்பானியத்தில் தனி எழுத்து கிடையாது. அதே எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு சிறு கோடு போட்டால் க மெலியும், த மெலியும். ஹ-வுக்குச் சிறு வட்டம் போட்டால் ப ஆகிவிடும். ஆக 46-ஐப் படித்தால் மீதி தானாக வரும்.

நீளத்தில் நமக்குச் சிரமமே இல்லை. ஒபஸன் என்றால் அத்தை, சித்தி மாதிரி. ஒபாஸன் என்றால் பாட்டி. குறில் நெடில் பார்த்தே வளர்ந்த காதுக்கு இது தெளிவாகக் கேட்கும். ஆனால் மாத்திரைக் கணக்கில் ஒரு வேற்றுமை இருக்கிறது. நம் இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்தில் ஒற்றுக்கும் முழு மாத்திரை. நிப்பொன் என்பது நி-ப்-பொ-ன் என்று நான்கு தட்டு. ஹைக்குவில் 5-7-5 என்று எண்ணுவதும் இந்தத் தட்டுகளைத்தான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே படித்தால் பேச்சின் ஓட்டம் சரியாக வரும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் ஏதோ கீர்த்தனை என்று நினைத்துக்கொண்டாள், பரவாயில்லை.

கதகானாவில் ஒலி எல்லாம் அதேதான், உருவம் மட்டும் கோணல் கோணலாக இருக்கும். வெளிநாட்டுச் சொற்களை இதில் எழுதுவார்கள், அதனால் ஸ்பேர் பெட்டிகளில் நிறைய வரும். எங்கள் ஊர் மேஸ்திரி போல்ட்டு, நட்டு, பல்பு என்று கடைசியில் ஓர் உகரம் சேர்ப்பார் இல்லையா, ஜப்பானியரும் அதே கட்சி. மெய்யில் முடியும் சொல்லை அப்படியே விட மாட்டார்கள். பெரும்பாலும் உ சேரும். ட், த் மாதிரி ஒலியில் முடிந்தால் ஒ சேரும். ல எல்லாம் ர ஆகிவிடும். போல்ட் ‘பொருதொ’ ஆவது இப்படித்தான். இந்த மூன்று விதியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டி லேபிளைச் சத்தமாக வாசித்தால் பாதிச் சொற்கள் தானாகப் பிடிபடும். பிடிபடாதவை இங்கிலீஷிலிருந்து வராதவையாக இருக்கும். அளவெடுக்க நாங்கள் தினமும் கையில் பிடிக்கும் வெர்னியர் காலிப்பரை ‘நொகிசு’ என்கிறார்கள். அது ஜெர்மன் ‘நோனியுஸ்’ வழியாக வந்தது.

கதகானாவில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஷி, த்சு ஒரு ஜோடி. ந், ஸொ இன்னொரு ஜோடி. அச்சில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். எழுதிப் பார்த்தால்தான் பிரியும். ஷி, ந் இரண்டிலும் சிறு கோடுகள் இடப்பக்கமாக அடுக்கியிருக்கும், நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். த்சு, ஸொ இரண்டிலும் சிறு கோடுகள் மேலே வரிசையாக நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். ஆப்பில் தட்டித் தட்டிப் படிப்பவர்களுக்கு இந்த நான்கும் கடைசிவரை குழம்பிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன்.

இலக்கணத்துக்கு வரும்போது தமிழுக்குக் கோவில் கட்டலாம் என்று தோன்றும். கைக்குக் கிடைக்கும் புத்தகங்கள் இங்கிலீஷ்காரருக்காக எழுதியவை. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும் என்று அத்தியாயம் அத்தியாயமாக அவர்களைத் தேற்றுவார்கள். அதையெல்லாம் புரட்டிவிட்டுப் போய்விடலாம். நான் செய்தது இவ்வளவுதான்: இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை அடித்துவிட்டு, ஜப்பானிய வாக்கியத்தின் கீழே சொல்லுக்குச் சொல் தமிழை எழுதினேன். வரிசை மாறவே மாறாது. ‘கினோ கத்த ஹொன்’ என்றால் நேற்று வாங்கின புத்தகம். ‘இகு தொ இஇமஷித’ என்றால் போகிறேன் என்று சொன்னார். அந்தத் ‘தொ’தான் நம் ‘என்று’. நினைத்தார், கேட்டார், எழுதியிருந்தது எல்லாவற்றுக்கும் முன்னால் அதே தொ.

வினையெச்சத்தில்தான் உண்மையான விருந்து. ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு. அதோடு ‘பார்’ என்ற வினையைச் சேர்த்தால் தபெதெ மிரு, சாப்பிட்டுப் பார். அவர்களும் கண்ணால் பார்க்கிற அதே வினையைத்தான் இங்கே சேர்க்கிறார்கள். எழுதி வை என்பதற்கு ‘வை’ என்ற வினையைச் சேர்த்து கைதெ ஒகு. சாப்பிட்டுவிட்டேன் என்பதில் வரும் ‘விடு’வின் வேலையை ‘ஷிமௌ’ செய்கிறது. எழுதித் தந்தார் என்பதற்கு ‘குரெரு’. புத்தகத்தில் இவற்றுக்கு ஆளுக்கு ஒரு பாடம், பத்துப் பத்துப் பயிற்சி. உங்களுக்கு ஒரு பஸ் பயணம் போதும்.

‘மொ’ நம் உம்: நானும், நீயும், யாரும் வரவில்லை. ‘க’ கேள்விக்குக் கடைசியில் வரும் ஆ. அதே க யார் என்பதோடு சேர்ந்தால் யாரோ. சுட்டுக்கு கொ, ஸொ, அ. வினாவுக்கு தொ, அதையும் மெலிந்த த-வில் சொல்ல வேண்டும். இது, உது, அது, எது. நடுவில் இருக்கும் உது நம்மிடம் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் இருக்கிறது. எனக்கு இட்லி பிடிக்கும், எனக்கு ஜப்பானியம் புரியும் என்னும்போது பிடிப்பதும் புரிவதும் எழுவாயாக நிற்கிறதே, ஜப்பானியத்திலும் அப்படியே. அந்த இடத்தில் ‘ங’ மாதிரி மெலிந்து ஒலிக்கும் க உருபைப் போட வேண்டும். “வரலையா?” என்றால் “ஆமா, வரலை” என்கிறோம். அவர்களும் ஹாய் என்றுதான் சொல்வார்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஜப்பானியமே தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். பெரும்பாலான மொழியியலார் ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் துருக்கிய மொழியிலும் வினை கடைசியில்தான், உருபு பின்னால்தான். உறவு இருக்கிறதோ இல்லையோ, படிக்கிறவருக்கு வேலை மிச்சம். அதோடு விட்டுவிடுவது நல்லது.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. வந்தான், வந்தாள், வந்தது, வந்தேன் எல்லாவற்றுக்கும் ஒரே ‘கிமஷித’தான். எழுவாயையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். தமிழில் வினைமுற்றைக் கேட்டே ஆளைக் கண்டுபிடிக்கும் நமக்கு, யார் வந்தது என்று பேச்சின் போக்கை வைத்து ஊகிக்க வேண்டியிருப்பது நெடுநாள் தொல்லை. எண்ணுவதற்கு நீளமான பொருளுக்கு ஒரு சொல், தட்டையான பொருளுக்கு ஒரு சொல், சிறு விலங்குக்கு ஒரு சொல். மாதத்தின் முதல் பத்துத் தேதிகளுக்கு விசேஷப் பெயர்கள். இவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது. பேருக்குப் பின்னால் மரியாதைக்கு ‘ஸன்’ போடுவது மட்டும் எங்கள் பக்கத்தில் எளிது. அடுத்தவர் பேரோடு ‘காரு’ சேர்ப்போம், நம் பேரோடு நாமே சேர்த்துக்கொள்ள மாட்டோம். அதே விதி.

கான்ஜி தனி உலகம். தமிழும் உதவாது, தெலுங்கும் உதவாது. பொதுப் பயன்பாட்டுக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2136 எழுத்துகள். தொடக்கப் பள்ளியில் மட்டும் 1026, அதில் முதல் வகுப்பில் 80. எல்லாப் பாடமும் சூரியன், நிலா, மலை, ஆறு என்று தொடங்கும். நான் பாதியில் அதை நிறுத்திவிட்டு டிராயிங்கில் இருப்பதைப் படிக்கத் தொடங்கினேன். மேலே ஒரு சதுரம், கீழே இரண்டு சதுரம் உள்ள எழுத்துக்கு ‘ஹின்’ என்று ஒலி, பொருள் என்று அர்த்தம். எங்கள் பிரிவில் எங்கே திரும்பினாலும் இதுதான். புஹின் என்றால் பாகம், செய்ஹின் தயாரிப்பு, ஹின்ஷித்சு தரம். அந்த ஷித்சுவைப் பிடித்தால் டிராயிங்கில் வரும் ‘ஸைஷித்சு’ கிடைக்கிறது, அது பாகம் எதனால் ஆனது என்று சொல்லும் கட்டம். முன்னால் ‘ஃபு’ வந்தால் மறுப்பு: ஃபுர்யோ பழுது, ஃபுஸொகு பற்றாக்குறை, ஃபுகோககு தேறாதது. ஒரு எழுத்தைப் பிடித்து இழுத்தால் நாலு சொல் கூடவே வரும். தையல்காரர் துணிச் சொல்லில் தொடங்கட்டும், நர்ஸ் ஆஸ்பத்திரிச் சொல்லில் தொடங்கட்டும். தினமும் கண்ணில் படுவதுதான் மனதில் நிற்கும்.

ஒரு கான்ஜிக்குப் பல ஒலி இருப்பது எல்லோரையும் மிரட்டும். பொதுவாகத் தனியாக நின்றால் ஜப்பானியரின் சொந்த ஒலி, இன்னொன்றோடு கூட்டுச் சேர்ந்தால் சீனத்திலிருந்து வந்த ஒலி. வண்டி என்ற எழுத்து தனியாக ‘குரும’, மின்சார ரயில் என்ற கூட்டுச் சொல்லில் ‘ஷ’. விதிவிலக்கு ஏராளம். ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றேதான். முன்னது நிசி, பின்னது பி. அதனால் எழுத்துக்கு ஒலிப்பட்டியல் போட்டு உருப்போடாதீர்கள். சொல்லாகப் படியுங்கள், ஒலி கூடவே ஒட்டிக்கொள்ளும்.

கோடு போடும் வரிசையை முதல் நூறு எழுத்துக்காவது ஒழுங்காகப் பழகுங்கள்: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக் கோடு முதலில், பெட்டி என்றால் உள்ளே இருப்பதை எழுதிவிட்டுக் கடைசியில் அடிக்கோட்டால் மூட வேண்டும். வாய் என்ற சதுரத்துக்கு நான்கு பக்கம் இருந்தாலும் மூன்று கோடுதான். மேற்பக்கமும் வலப்பக்கமும் கையெடுக்காமல் ஒரே இழுப்பு. தெரியாத எழுத்தை ஃபோன் திரையில் விரலால் வரைந்து தேடும்போது இந்த ஒழுங்கு பயன்படும். நூறுக்கு மேல் கையால் எழுதிக் குவிக்க வேண்டியதில்லை, பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் போதும். கான்ஜி வந்த பிறகு இடைவெளி இல்லாத குறையும் போய்விடும். கான்ஜி எங்கே தொடங்குகிறதோ அங்கே பெரும்பாலும் புதுச் சொல். நம் ஓலைச்சுவடிகளில் இடைவெளியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. அதை வாசித்தவர்களை நினைத்தால் இது சொகுசு.

திரும்பத் திரும்பக் காட்டும் அட்டைகளுக்கு அங்கி ஆப் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் இலவசம். அடுத்தவர் செய்த அட்டைக் கட்டை இறக்காமல் நீங்களே எழுதுங்கள். சி ஷிஃப்ட் வாரத்தில் புது அட்டையை நிறுத்திவிட்டுப் பழையதை மட்டும் பாருங்கள், இல்லாவிட்டால் குவிந்துபோய் அதோடு கைவிட்டுவிடுவீர்கள். ஜப்பான் ஃபவுண்டேஷன் தன் தளத்தில் பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. காசு கொடுத்து எதையும் வாங்குமுன் அங்கே பாருங்கள்.

ஜப்பானிய மொழித் திறனுக்கான தேர்வு ஜேஎல்பிடி. என்5 அடிமட்டம், என்1 உச்சம். ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிறு. நமக்குப் பக்கம் சென்னை மையம். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், கையால் எழுதுவதும் பேசுவதும் கிடையாது. என்5-இல் 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 தனியாக வாங்கியாக வேண்டும், மற்றதில் 120-க்கு 38. எந்தச் சொல், எந்தக் கான்ஜி வரும் என்று 2010-க்குப் பிறகு அதிகாரபூர்வப் பட்டியல் வெளியிடுவதில்லை, ஆகவே ‘முழு சிலபஸ்’ என்று விற்பதை நம்பாதீர்கள். கேட்டல் பகுதி ஹாலில் ஸ்பீக்கரில் ஒரே ஒருமுறைதான் ஓடும். ஹெட்ஃபோனில் மட்டும் பழகினால் அன்றைக்குக் காது திணறும். மிக்ஸி ஓடும்போது அடுப்படியில் ஃபோனை வைத்துக் கேட்டுப் பழகுங்கள்.

ஜப்பானில் வேலை என்று எங்கள் பக்கம் இப்போது ஏஜெண்டுகள் சுற்றுகிறார்கள். சில தொழில்களுக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க ஜப்பான் தரும் ‘குறிப்பிட்ட திறன்’ விசா 2019-இல் வந்தது, இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம் 2021 ஜனவரியில். அதற்கு என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற மொழித் தேர்வும் அந்தந்தத் தொழிலுக்கான தேர்வும் வேண்டும். இரண்டையும் நீங்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும், பணம் வாங்குகிறவர் எழுத மாட்டார். சம்பளம் சொல்லும்போது ‘மன்’ என்பார்கள், பத்தாயிரம். பத்து மன் சேர்ந்தால் ஒரு லட்சம் யென். ரூபாய் என்று எண்ணிக்கொண்டு தலையாட்டாதீர்கள்.

என்5 எழுதாமலே நேராக என்4 எழுதலாம், தடை எதுவும் இல்லை. வேலைக்காகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது அதுதான். என்5 சான்றிதழை எங்கள் கம்பெனியில் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. பதிவு தேர்வுக்குச் சில மாதம் முன்பே திறந்து மூடிவிடும், சென்னையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள சூப்பர்வைசரிடம் அப்போதே சொல்லி வையுங்கள்.